கதவைச் சாத்துவதா, கட்டிலை ஒதுக்குவதா?
ஃப்ளூ காலத்தில் ஒரு பல்கலைக்கழகம்: விடைகளின் வரலாறும் விடுபட்ட கணக்குகளும்

2022 செப்டம்பரில் காய்ச்சல் பரவியபோது புதுச்சேரி அரசு ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 17ஆம் தேதி தொடங்கி 25 வரை விடுமுறை விட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், அதே வாரங்களில், பள்ளிகள் வழக்கம்போல நடந்தன. விடுமுறைக்குத் தேவை எழவில்லை என்றார் அப்போதைய தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். ஆறு மாதம் கழித்து எச்3என்2 வகை ஃப்ளூ வந்தபோதும் இதே கதைதான். புதுச்சேரி 2023 மார்ச் 16 முதல் 26 வரை மறுபடி மூடியது. தமிழ்நாடு மார்ச் 10 அன்று ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்திவிட்டுப் பள்ளிகளைத் திறந்தே வைத்தது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காய்ச்சலுக்கு இந்த எல்லை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் நூறாண்டு வாதங்கள் இருக்கின்றன. தொற்று பரவும்போது கல்வி நிலையத்தை மூட வேண்டுமா, மூடினால் யாருக்கு நன்மை, எப்போது திறப்பது என்ற கேள்விகளுக்கு 1918 முதல் விடை சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அந்த விடைகளில் பெரும்பாலானவை பள்ளிகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. விடுதிகளோடு கூடிய ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எடுத்துக்கொண்ட களம், விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும்.

களத்தின் அமைப்பு

இரண்டு ஊர்களுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மதுரைச் சாலையில் போனால் கிருஷ்ணன்கோவில். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் அங்கேதான் இருக்கிறது. ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்களும் அங்கே உண்டு. ராஜபாளையத்தில் 1973 முதல் ராஜூக்கள் கல்லூரியும் 2013 முதல் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் இயங்குகின்றன. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவர்கள் இப்பகுதிக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். ஆக ஒரே வட்டாரத்தில் இரண்டு வகை மாணவர் கூட்டம்: ஹாஸ்டல்காரர்கள், பஸ்காரர்கள். முதல் வகையினருக்குத் தொற்று அறையிலும் மெஸ்ஸிலும் வரும். இரண்டாம் வகையினர் அதை வீட்டிலிருந்து கொண்டுவரவும் வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடும். ஒரே சுற்றறிக்கையில் இரு சாராருக்கும் விதி எழுதுவது நிர்வாகத்துக்கு எளிது. நோய் அப்படி நடந்துகொள்ளாது.

பருவமும் இங்கே தனி. இந்தியாவின் பல நகரங்களில் இன்ஃபுளுவென்சா தென்மேற்குப் பருவமழையை ஒட்டி உச்சம் தொடும். கண்காணிப்பு ஆய்வுகளில் சென்னையும் வேலூரும் அந்த வரிசையிலிருந்து விலகி, வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரில் உச்சம் காட்டின. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருப்பது. இங்கும் அதே போக்கு இருக்கலாம் என்று கருத இடமுண்டு. கல்லூரி நாட்காட்டியில் அதே வாரங்களில் தீபாவளி வரும். அதன் பின்னாலேயே செமஸ்டர் தேர்வு வரும். ஊருக்குப் போய் வரும் கூட்டமும், எப்படியாவது வகுப்புக்கு வந்தாக வேண்டிய நெருக்கடியும் ஒரே மாதத்தில் கூடிவிடுகின்றன.

மூன்றாவது, தூரம். 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது தமிழ்நாட்டில் தொடக்கத்தில் அரசு நம்பியிருந்த ஆய்வகம் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த் தடுப்பு நிலையம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏறக்குறைய 550 கிலோமீட்டர். இன்ஃபுளுவென்சா தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் காட்டும். அதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவும். மாதிரி போய் முடிவு வருவதற்குள் ஒரு விடுதித் தளம் முழுக்க இருமத் தொடங்கிவிடலாம். விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் வந்தது. அதுவரை கடுமையான நோயாளி என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைதான் கதி.

‘வீட்டுக்கு அனுப்பிவிடு’

மிகப் பழைய விடை இதுதான். கூட்டம் நோயைப் பெருக்கும், ஆகவே கூட்டத்தைக் கலை. பிளேக் காலத்தில் ஊரையே காலி செய்து தோப்புகளிலும் வயல்வெளியிலும் போய்த் தங்கிய வழக்கம் நம்மிடம் இருந்தது. 1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக்கை ஒட்டி 1897இல் வந்த தொற்றுநோய்கள் சட்டமும் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தை அரசின் கையில் தந்தது.

இந்த விடைக்கு அறிவியல் உருவம் கிடைத்தது நெடுங்காலம் கழித்து, 2007இல். 1918-19 பெருந்தொற்றின்போது அமெரிக்காவின் 43 நகரங்கள் என்ன செய்தன, எப்போது செய்தன என்று ஹோவர்ட் மார்க்கெலும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். பள்ளி மூடல், கூட்டத் தடை, நோயாளிகளை ஒதுக்குதல் ஆகியவற்றைச் சேர்த்து, முன்கூட்டியே தொடங்கி, நீண்ட நாள் கடைப்பிடித்த நகரங்களில் இறப்பு குறைந்திருந்தது என்பது அவர்கள் முடிவு. அடுத்த ஆண்டு சைமன் கோஷ்மே குழு பிரான்சின் பள்ளி விடுமுறைகளை இன்ஃபுளுவென்சாக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தது. விடுமுறை நாட்களில் குழந்தைகளிடையே பரவல் 20 முதல் 29 சதவீதம் குறைந்தது. பெருந்தொற்றில் நீண்ட காலம் மூடினால் மொத்த நோயாளிகள் 13 முதல் 17 சதவீதமே குறையலாம். ஆனால் உச்ச வாரத்தின் சுமை 39 முதல் 45 சதவீதம் வரை தணியலாம் என்று அந்த மாதிரிக் கணக்கு சொன்னது.

கடைசி இரண்டு கணிப்புகளையும் பிரித்துப் படிக்க வேண்டும். மூடல் நோயைத் தடுப்பதைவிட அதிகமாகத் தள்ளிப்போடுகிறது. மருத்துவமனைப் படுக்கை குறைவாக உள்ள இடத்தில் தள்ளிப்போடுவதே பெரிய உதவிதான். ஒரு தாலுகா மருத்துவமனையில் ஒரே வாரத்தில் நாற்பது பேர் மூச்சுத் திணறலோடு வருவதற்கும், அவர்களே ஐந்து வாரத்தில் பிரிந்து வருவதற்கும் இடையில் உயிர்கள் இருக்கின்றன.

பலவீனங்களும் தெளிவானவை. முதலாவது, காலம். 2008 மார்ச்சில் ஹாங்காங் சில குழந்தைகளின் இறப்புக்குப் பின் ஆரம்பப் பள்ளிகளை இரண்டு வாரம் மூடியது. பரவல் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருந்ததால் மூடலின் பயன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பின்னர் ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். அதே நகரம் 2009இல் தொடக்கத்திலேயே மூடியபோது பரவல் கால் பங்கு வரை குறைந்ததாக ஒரு மதிப்பீடு வந்தது. புனேயில் 2009 ஆகஸ்ட் 3 அன்று நாட்டின் முதல் பன்றிக் காய்ச்சல் மரணம் நிகழ்ந்தது. இறந்தவர் பள்ளி மாணவி. அதன் பிறகே அங்கே கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. இறப்புச் செய்தி வந்த பின் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் பயத்துக்குச் சொல்லும் பதில். அதில் தவறில்லை, பயமும் நிர்வாகம் கவனிக்க வேண்டிய பொருள்தான். ஆனால் அதைத் தொற்றுத் தடுப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது.

இரண்டாவது பலவீனம் பல்கலைக்கழகத்துக்கே உரியது. ஆரம்பப் பள்ளியை மூடினால் குழந்தை நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போகிறது. கிருஷ்ணன்கோவிலில் விடுதியை மூடினால் மாணவர்கள் மதுரைக்கோ சென்னைக்கோ போய் அங்கிருந்து குண்டூருக்கும் நெல்லூருக்கும் வாரங்கலுக்கும் ரயில் ஏறுவார்கள். முன்பதிவு இல்லாத பெட்டியில் ஓர் இரவு என்பது எந்த விடுதி அறையைவிடவும் நெருக்கமானது. 1918இல் இந்தியா முழுவதும் இன்ஃபுளுவென்சா பரவியதில் ரயில் பாதைகளுக்குப் பெரும் பங்கு இருந்ததை அன்றைய சுகாதார அதிகாரிகளே பதிவு செய்தார்கள். அந்தப் பெருந்தொற்றில் இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் ஒரு கோடியே எண்பது லட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செல்லும் விருதுநகர்–தென்காசிப் பாதை அப்போது கிடையாது. அது 1927இல் திறக்கப்பட்டது. இன்று பொதிகை விரைவு வண்டி இரண்டு ஊர்களிலும் நின்று மறுநாள் காலை சென்னையில் இறக்கிவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டுக்கு அனுப்பும் முடிவின் பலனை அளக்கும் கணக்கு வளாக வாசலோடு நின்றுபோகிறது. விடுதி காலியான மறுநாள் பல்கலைக்கழகத்தில் நோயாளிகள் எண்ணிக்கை பூஜ்யம்; பதிவேடு சுத்தமாக இருக்கும். ஊரில் பாட்டிக்குக் காய்ச்சல் வந்ததா, சர்க்கரை நோயுள்ள அப்பா மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனாரா என்பது அந்தப் பதிவேட்டுக்கு வராது. 2009 வைரஸ் மாணவ வயதினரிடம் எளிதாகப் பரவியது. கர்ப்பிணிகளையும் ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்களையும் கடுமையாகத் தாக்கியது. இளம் உடல்களின் கூட்டத்திலிருந்து கலப்பு வயதுடைய வீட்டுக்கு நோயை மாற்றுவது எப்போதும் ஆதாயமான பேரம் என்று சொல்ல முடியாது.

இந்த வாதம் புதிதல்ல. 1918இல் நியூயார்க் நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் பள்ளிகளை மூட மறுத்தார். நெரிசலான குடியிருப்பு வீடுகளை விடப் பள்ளியில் குழந்தைகள் செவிலியர் கண்பார்வையில் இருப்பார்கள் என்பது அவர் நியாயம். சிகாகோவும் மூடவில்லை. இந்நகரங்கள் பிற இடங்களைவிட மோசமாகப் போகவில்லை என்றாலும், அதற்குக் காரணம் திறந்த பள்ளிகளா, அங்கே ஏற்கெனவே வலுவாக இருந்த பள்ளி மருத்துவ ஏற்பாடா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

‘வாசலைப் பூட்டு’

இதற்கு நேர் எதிரான விடை: யாரையும் அனுப்பாதே, யாரையும் உள்ளேயும் விடாதே. 1918-20இல் நோயிலிருந்து பெருமளவு தப்பிய அமெரிக்க இடங்களை மார்க்கெல் குழுவினர் தேடியபோது, கொலராடோவின் கன்னிசன் என்ற மலை ஊரோடும் ஒரு கடற்படைத் தீவோடும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் பிரின் மார் கல்லூரியும் பட்டியலில் வந்தன. நோய் வருமுன்பே வாசலைக் கட்டுப்படுத்தியது இவற்றில் சிலவற்றுக்குப் பொதுவான குணம். ஆய்வாளர்களே இதை அடித்துச் சொல்லவில்லை. இடத்தின் தனிமை, மக்கள்தொகைக் குறைவு, அதிர்ஷ்டம் இவற்றுக்கும் பங்கிருக்கலாம் என்றே எழுதினார்கள்.

நம் வளாகங்களுக்கு இது ஒத்துவருமா? அவுட்பாஸை நிறுத்துவது வார்டனுக்கு எளிது. சமையல்காரர், துப்புரவுப் பணியாளர், பால்காரர், பேராசிரியர், பஸ் டிரைவர் ஆகியோரின் போக்குவரத்தை நிறுத்த முடியாது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊரே திரளும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, மாணவர்களுக்கு மட்டும் வாசலைப் பூட்டுவது தொற்றுத் தடுப்பாக இருக்கும் என்பதைவிட ஒழுங்கு நடவடிக்கையாக மாறிப்போகும் அபாயமே அதிகம். அதோடு, நோய் உள்ளே வந்துவிட்ட பிறகு பூட்டிய வாசல் எதிர்மறையாக வேலை செய்யும். 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் ஓர் உறைவிடப் பள்ளியில் நடந்தது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் உதாரணம். ஹாங்காங்கிலிருந்து திரும்பிய ஒரு மாணவனுக்கு முதலில் காய்ச்சல். இரண்டு வாரத்துக்குள் 763 மாணவர்களில் 512 பேர் படுத்துவிட்டார்கள். அவர்களோடு பழகிய ஏறத்தாழ 130 பெரியவர்களில் ஒருவருக்குத்தான், விடுதிக் கண்காணிப்பாளப் பெண்மணிக்கு, அதே அறிகுறிகள் வந்தன. 1957க்கு முன் உலவிய எச்1என்1 வகை வைரஸ் அப்போது திரும்பி வந்திருந்தது. பெரியவர்களுக்கு அதன் பழைய பரிச்சயம் இருந்தது என்பது வழக்கமான விளக்கம். 2009இல் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் ஓர் உறைவிடப் பள்ளியில் பரவியதைப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் ஆராய்ந்தபோதும் இதே சாயல்தான்: மாணவர்களில் பாதிக்கு மேல், ஊழியர்களில் சிலர்.

‘திறந்தே வை, நோயாளியை மட்டும் ஒதுக்கு’

மூன்றாவது விடை 1957இல் உருவானது எனலாம். அந்த ஆண்டு மே மாதம் ஆசிய ஃப்ளூ சிங்கப்பூர்க் கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்தில் இறங்கி இந்தியாவுக்குள் நுழைந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் 44 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளும் 1,098 இறப்புகளும் பதிவாயின. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்ஃபுளுவென்சா மையம் வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது. இவ்வளவு வேகமாகப் பரவுவதைத் தடுத்து நிறுத்த இயலாது, நோயாளியைப் பராமரிக்கும் ஏற்பாட்டைப் பலப்படுத்துவதே செய்யக்கூடியது என்ற எண்ணம் அக்காலப் பொதுச் சுகாதாரத் துறையினரிடம் பல நாடுகளில் வேரூன்றியது. பெரியம்மை ஒழிப்பை வழிநடத்திய டி. ஏ. ஹெண்டர்சன் 2006இல் சக ஆய்வாளர்களோடு இதை வலுவான வாதமாக முன்வைத்தார்: பெருந்தொற்றின்போது அன்றாட வாழ்வு எவ்வளவு குறைவாகக் கலைகிறதோ அவ்வளவு நன்றாகச் சமூகம் அதைத் தாங்கும்.

2009இல் இந்த மனநிலையே மேலோங்கியது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஏப்ரல் கடைசியில் நோய் கண்ட பள்ளிகளை இரண்டு வாரம் வரை மூடச் சொல்லி, நோயின் கடுமை எதிர்பார்த்த அளவு இல்லை என்று தெரிந்ததும் மே 5 அன்று அந்த அறிவுரையை விலக்கிக்கொண்டது. ஆகஸ்டில் கல்லூரிகளுக்குத் தனி வழிகாட்டுதல் வந்தது: காய்ச்சல் மாத்திரை போடாமலேயே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும் வரை அறையில் இரு, வீடு பக்கத்தில் இருந்தால் பொதுப் போக்குவரத்தைத் தவிர்த்துப் போ, அறையில் இருப்பவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ‘ஃப்ளூ தோழர்’ ஏற்பாடு செய். அதே மாதம் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பருவம் தொடங்கிய சில வாரங்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அறிகுறி சொன்னார்கள், வளாகம் மூடப்படவில்லை. இந்தியச் சுகாதார அமைச்சகமும் அப்போது நோயாளிகளை ஏ, பி, சி என்று வகைப்படுத்தியது. லேசான காய்ச்சல் உள்ள ‘ஏ’ வகையினருக்குச் சோதனையும் வேண்டாம், டாமிஃப்ளூ மருந்தும் வேண்டாம், வீட்டில் ஒதுங்கியிருந்தால் போதும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி உள்ள ‘சி’ வகையினரை உடனே மருத்துவமனையில் சேர்த்துச் சோதித்துச் சிகிச்சை தர வேண்டும்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியை இடம் மாற்றாமல், வெளியார் வராமல் பார்த்துக்கொண்ட பழக்கத்தோடு இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஆகவே நம் சூழலுக்கு அந்நியமான யோசனை இல்லை. சிக்கல், ‘வீட்டில் ஒதுங்கியிரு’ என்ற வாக்கியத்தில் வீடு என்று எதைச் சொல்வது என்பதில்தான். நம் விடுதிகளில் ஓர் அறைக்கு மூன்று, நான்கு கட்டில்கள் இருப்பது சாதாரணம். குளியலறை தளத்துக்குப் பொது. அங்கே ஒருவனை ‘அறையிலேயே இரு’ என்றால் மற்ற மூவரையும் அவனோடு பூட்டிவைத்ததாகும். காலியான ஒரு தளத்தையோ விருந்தினர் இல்லத்தையோ ஒதுக்கினால்தான் இந்தக் கொள்கைக்கு அர்த்தம் வரும். அப்படி ஒதுக்கும் இடத்தில் இரவு யார் இருப்பது, ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது யார், நள்ளிரவில் மதுரைக்கு வண்டி எங்கிருந்து வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் முன்கூட்டியே பெயர் போட்டு விடை எழுதியிருக்க வேண்டும்.

மெஸ் இன்னொரு முனை. இன்ஃபுளுவென்சா இல்லையென்றாலும் 2020 டிசம்பரில் சென்னை ஐஐடியில் கொரோனா பரவியது இதற்கு நல்ல பாடம். சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. விடுதிகள் பலவற்றுக்கும் ஒரே மெஸ் இயங்கியதே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. மெஸ்ஸை மூடிச் சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்பினார்கள். விடுதியின் எல்லா அறைகளும் நாளுக்கு மூன்று முறை கலக்கும் ஒரே இடம் மெஸ். வகுப்பறையை மூடிவிட்டு மெஸ்ஸைத் திறந்து வைப்பதில் பொருளில்லை; வகுப்பை நடத்திக்கொண்டே மெஸ் நேரத்தைத் தளம் தளமாகப் பிரிப்பது அதிகப் பலன் தரக்கூடும். இப்படிச் சொல்வது அனுமானம்தான். ஆனால் செலவு குறைந்த அனுமானம்.

இந்த நிலைப்பாட்டின் பெரிய ஓட்டை மருத்துவத்தில் இல்லை, வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். 65க்கு மேல் 75க்குள் என்றால் மருத்துவக் காரணம் காட்டிச் சலுகை பெறலாம். பிற பல்கலைக்கழகங்களிலும் இதற்கு ஈடான விதிகள் உண்டு. காய்ச்சல் வந்தவன் ஐந்து நாள் ஒதுங்க வேண்டும் என்பது சுகாதார விதி. ஐந்து நாள் போனால் அட்டெண்டன்ஸ் குறையும் என்பது கல்வி விதி. இரண்டும் மோதும்போது மாணவன் காலையில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு முதல் மணி நேர வகுப்புக்கு வருகிறான். வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி அவனைப் பிடிக்காது. மாத்திரை அதற்குள் வேலை செய்திருக்கும். மெடிக்கல் சர்டிஃபிகேட் கட்டாயம் என்றால், படுத்திருக்க வேண்டியவன் சான்றிதழுக்காகப் பஸ் ஏறி டவுனுக்குப் போய் மருத்துவமனை வரிசையில் நிற்பான். தானாக வந்து சொல்பவனுக்கு வருகை இழப்பும் இன்டர்னல் மதிப்பெண் இழப்பும் கிடையாது என்று எழுத்தில் உறுதி தராத வளாகத்தில், ‘நோயாளியை மட்டும் ஒதுக்கு’ என்ற கொள்கை நோயாளியைக் கண்டுபிடிப்பதிலேயே தோற்றுவிடும் என்று நினைக்கிறேன்.

முகக்கவசமும் சோப்பும்

மேலே சொன்ன மூன்று நிலைகளில் எதை எடுத்தாலும் கூடவே வரும் துணை ஏற்பாடுகள் இவை. மாணவர் விடுதியிலேயே நடந்த சோதனை ஒன்று இதில் உண்டு. 2006-07 ஃப்ளூ பருவத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 1,437 மாணவர்களை மூன்று பிரிவாக்கி அலிசன் அயெல்லோ குழு ஆராய்ந்தது. முகக்கவசத்தோடு கைச் சுத்திகரிப்பானும் பயன்படுத்தியவர்களிடம் நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை ஃப்ளூ போன்ற நோய் 35 முதல் 51 சதவீதம் குறைந்தது. முகக்கவசம் மட்டும் அணிந்தவர்களிடம் தெளிவான பலன் தென்படவில்லை. ஆய்வகத்தில் உறுதிசெய்த இன்ஃபுளுவென்சாவை மட்டும் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு புள்ளியியல்படி நிற்கவில்லை. நம்பிக்கை தரும் ஆய்வு, தீர்ப்பு சொல்லும் ஆய்வு அல்ல.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருப்பதால் ஒரு வார்த்தை. நாட்டின் மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்து அனுப்பும் ஊர் அது. 1918இல் சான் பிரான்சிஸ்கோ மக்கள் சட்டத்துக்குப் பயந்து முகத்தில் கட்டியதும் காஸ் துணிதான். கலிஃபோர்னியா சுகாதாரத் துறையின் வில்ஃபிரட் கெல்லாக் 1920இல் அதைச் சோதித்துவிட்டு, மெல்லிய காஸ் நுண்துளிகளைப் போதிய அளவு தடுக்கவில்லை, அடுக்குகளைக் கூட்டினால் மூச்சு ஓரம் வழியாகக் கசிகிறது என்று எழுதினார். தறியிலிருந்து புண்ணுக்குப் போகும் துணி எல்லாம் மூக்குக்கும் ஆகும் என்பதில்லை.

இன்னொரு வேறுபாடு கலசலிங்கத்துக்கே உரியது. செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மாணவர்களுக்கென்று பொறியியல் படிப்பு நடத்தும் நிறுவனம் அது. உதட்டசைவைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்ளும் மாணவனுக்கு, மூடிய முகத்தோடு நிற்கும் ஆசிரியர் என்பது பாடமே இல்லாத வகுப்பு. ‘அனைவரும் முகக்கவசம் அணிக’ என்ற ஒற்றை வரிச் சுற்றறிக்கை இங்கே சிலருக்கு வகுப்பை மூடியதற்குச் சமம். வாய்ப்பகுதி கண்ணாடி போலத் தெரியும் கவசங்கள் உண்டு. சைகை மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. இவற்றுக்கான செலவு முன்னெச்சரிக்கைத் திட்டத்திலேயே சேர வேண்டியது.

மருந்து, ஊசி, கசாயம்

டாமிஃப்ளூ பற்றி 2009இல் இருந்த நம்பிக்கை பின்னர் தணிந்தது. காக்ரேன் குழுவின் 2014 மதிப்பாய்வு, பெரியவர்களிடம் அறிகுறிகள் ஏழு நாளிலிருந்து ஏறக்குறைய 6.3 நாளாகக் குறைந்ததாகக் கண்டது. அதாவது அரை நாளுக்குச் சற்று அதிகம். கடும் நோயாளிகளுக்கும் ஆபத்துப் பிரிவினருக்கும் சீக்கிரம் தருவதை மருத்துவர்கள் இன்றும் ஆதரிக்கிறார்கள். விடுதி முழுவதற்கும் விநியோகிக்கும் யோசனைக்கு ஆதரவு குறைவு.

தடுப்பூசியின் சிக்கல் தாமதம். இந்தியத் தயாரிப்பான பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிகள் 2010 ஜூன், ஜூலையில்தான் சந்தைக்கு வந்தன. ஆகஸ்ட் 10 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டது. வழக்கமான பருவகால ஃப்ளூவுக்கு இந்தத் தாமதம் இல்லை. ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசியை அக்டோபர் மழைக்கு முன் போட்டாக வேண்டும். முதலாண்டு மாணவர்கள் சேர்ந்து அடையாள அட்டை வாங்கும் ஆகஸ்ட், செப்டம்பரே அதற்குத் தோதான காலம். குறைந்தபட்சம் ஆஸ்துமா உள்ள மாணவர்கள், கர்ப்பிணி ஊழியர்கள், மெஸ் பணியாளர்கள் என்று தொடங்கலாம்.

நிலவேம்புக் குடிநீரும் கபசுரக் குடிநீரும் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தக் காய்ச்சல் காலமும் இனி இராது. அரசே விநியோகிக்கிறது. இன்ஃபுளுவென்சா பரவலைத் தடுக்கும் என்பதற்கு விடுதி அளவிலான வலுவான சோதனைச் சான்று இல்லை. விருப்பப்பட்டவர்கள் குடிப்பதை எதிர்க்க வேண்டியதில்லை. அண்டாவைச் சுற்றி ஒரே டம்ளரோடு நானூறு பேரைக் காலையில் வரிசையில் நிறுத்துவதை மட்டும் எதிர்க்கலாம்.

மதிப்பீடு

மிகக் கடுமையான, புதிய வைரஸ் என்றால் தொடக்கத்திலேயே கலைப்பது நியாயப்படும் என்பதில் இந்த மூன்று தரப்பினரும் இன்று ஏறக்குறைய உடன்படுகிறார்கள். பருவகால ஃப்ளூவுக்கும் 2009 அளவிலான தொற்றுக்கும் திறந்து வைத்து ஒதுக்குவதே மேல் என்ற பக்கம் சான்று சாய்கிறது. ஆனால் அந்தச் சான்றின் பெரும்பகுதி தனியறை விடுதிகளும் வளாக மருத்துவமனையும் உள்ள நாடுகளிலிருந்து வருகிறது. கட்டிலை ஒதுக்க முடியாத நிறுவனத்துக்கு ‘திறந்தே வை’ என்ற அறிவுரை பாதிதான் பொருந்தும். அப்படிப்பட்ட இடம், அருகில் வீடுள்ளவர்களை மட்டும் அனுப்பித் தூரத்து மாணவர்களுக்கு அறைகளை விரித்துக் கொடுக்கும் இடைவழியை எண்ணிப் பார்க்கலாம். பஸ்காரர்களுக்குச் சில நாள் இணையவழி வகுப்பு, ஹாஸ்டல்காரர்களுக்கு ஆளுக்கொரு அறை. கொரோனாக் காலம் இதற்கான கருவிகளைத் தந்துவிட்டது. அதே காலம், வீட்டில் செல்போன் சிக்னலும் தனி மேசையும் இல்லாத மாணவர் யார் யார் என்பதையும் காட்டிவிட்டது.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. வருகை விதியைத் தளர்த்தினால் மாணவர்கள் உண்மையிலேயே சீக்கிரம் வந்து சொல்வார்களா, அல்லது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் காய்ச்சல் கணக்கு மட்டும் ஊதிப் பெருக்குமா? ஒரே அக்டோபரில் இரண்டு கல்லூரிகள் இரண்டு விதமாக நடந்து ஒப்பிட்டால் விடை கிடைக்கக்கூடிய எளிய கேள்வி இது. அடுத்தது, விடுதி என்றால் கல்லூரி மட்டும்தானா என்பது. தமிழகத்தின் நூற்பாலைகள் பலவற்றில் இதே வயதுப் பெண்கள் இதே நெருக்கத்தில் தங்கி வேலை செய்கிறார்கள். அங்கே காய்ச்சல் வந்தால் ஷிஃப்டை நிறுத்துவதா என்ற விவாதம் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்துக்குக்கூட வருவதில்லை. ராஜபாளையம் போன்ற ஆலை ஊரில் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வகுக்கும் திட்டம் அரைத் திட்டம். கடைசியானது, வாசலுக்கு வெளியே நிற்கும் கணக்கு. ஊருக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு மாணவரையும் பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தது, யார் மருத்துவமனைக்குப் போனார் என்று இரண்டே கேள்விகள் கேட்க ஒரு வார்டனுக்கும் ஒரு பதிவேட்டுக்கும் மேல் செலவாகாது. அந்தப் பதிவேடுகள் நாலைந்து வளாகங்களிலிருந்து சேரும் வரை, வீட்டுக்கு அனுப்பியதால் நோய் குறைந்ததா, இடம் மாறியதா என்ற விவாதத்தில் இரு தரப்பும் ஊகத்தைத்தான் முன்வைக்க முடியும்.